ஈ மேஜர் வரும் இடம்

யுகுலேலே வாசிக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, அது என்ன வாத்தியம் என்றுதான். கிட்டாரைத் துவைத்துக் காயப்போட்டபோது சுருங்கிவிட்ட மாதிரி இருக்கும், நாலு நைலான் தந்தி, மடியில் அடங்கிவிடும் என்பேன். "அப்ப சின்னப் பிள்ளைங்க வாசிக்கிறதா?" என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது கேள்விக்கு நான் இடம் கொடுப்பதில்லை. சோதனைக் கண்ணாடியை அவர்கள் மூக்கில் மாட்டி, எதிரே இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிடுவேன். எனக்குக் கண்ணாடிக்கடை. கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் கடைக்கு வருகிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். அன்று கிளினிக்குக்கு விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் ஏற்கெனவே மூன்று வரிசையாகக் கிடக்கும். சுவரில் பாதி சொத்தையான ஒரு கடைவாய்ப்பல்லின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கும். அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டு நான்கு வருடமாக வாசிக்கிறோம். டாக்டரைச் சேர்க்காமல் பத்தொன்பது பேர். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் கண்ணாடிக்கடை. எனக்குப் பக்கத்தில் பஸ் டிரைவர். அவர் வாசிக்கும்போதும் வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும்.

முதல் அரை மணி நேரம் சுதி சேர்ப்பதிலேயே போய்விடும். வாத்தியத்தின் தலையில் ஒரு சின்னக் கருவியைக் கவ்வ வைத்தால், தந்தி சரியாக இருக்கும்போது பச்சை விளக்கு எரியும். பத்தொன்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு மீட்டும்போது, என் தந்தியை நான் முறுக்க, டிரைவருடைய தந்திக்கு என் கருவியில் பச்சை எரியும். எல்லோரும் பச்சை வந்துவிட்டது என்று திருப்தியாகத் தலையாட்டுவோம். எங்கள் சங்கத்தின் லட்சணம் இதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஈ மேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு தந்தியையும் சேர்த்து ஒரே வீச்சில் மீட்டும்போது வரும் கூட்டு ஒலிக்கு கார்டு என்று பெயர். யுகுலேலேயில் பல கார்டுகளுக்கு ஒரு விரல், இரண்டு விரல் போதும். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் ஐம்பது வயதுக்கு மேல் துணிந்து இதில் இறங்குகிறோம். ஈ மேஜர் மட்டும் வேறு ரகம். வாத்தியத்தின் கழுத்தில் நான்காவது கட்டத்துக்குள் மூன்று விரல்களை நெருக்கி வைக்க வேண்டும். அந்தக் கட்டம் ஒரு தபால்தலை அகலம்கூட இருக்காது. மிச்சமிருக்கும் ஆள்காட்டி விரல் பின்னால் போய் இரண்டாவது கட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு விரல் இம்மி நகர்ந்தால் போதும், பக்கத்துத் தந்தியில் இடித்து ஒலி புளித்துப்போகும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய சுலபமான கார்டு ஒன்று உண்டு. எங்கள் டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். "அது வேற ருசி" என்பார். பாட்டு அவரே எழுதி மெட்டமைத்தது. பெற்ற பிள்ளைக்குக் காது குத்த விடாத தகப்பன் மாதிரி நிற்பார்.

பாட்டில் பல்லவியின் இரண்டாவது வரி முடிந்ததும் குரல் நின்றுவிடும். வாத்தியம் மட்டும் நாலு தட்டு. அந்த நாலு தட்டும் ஈ மேஜர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது வரவே வராது. வீட்டில் மாதக்கணக்கில் முயன்றேன். "யாரோ தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கு" என்று என் மனைவி சமையலறையிலிருந்து சொன்னதோடு விட்டுவிட்டேன். அந்த இடம் வந்தால் இடது கையைத் தந்திகள் மேல் லேசாகப் படுக்க வைத்துவிடுவேன். வலது கை வழக்கம்போல் வீசும். சுரம் கிளம்பாது, 'சக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பார்ப்பவர்களுக்கு நான் வாசிப்பதாகத்தான் தெரியும். மற்ற பதினெட்டுப் பேர் இருக்கிறார்களே, என் ஒருவனுடைய கார்டு இல்லாமல் பாட்டு படுத்துவிடவா போகிறது? கூட்டத்தோடு கோவிந்தா போடுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்களில் கடைசியாக வந்து சேர்ந்தவர் சீட்டுக்கவர் அக்கா. கார் இருக்கை, சோபா, பஸ் சீட் என்று எதற்கும் ரெக்சின் தைத்துப் போடும் கடை வைத்திருப்பவர். என்னைவிட எட்டு வயது சின்னவர், இருந்தாலும் எல்லோருக்கும் அக்காதான். டாக்டருடைய பல் பிடுங்கும் நாற்காலிக்குப் புது உறை போட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், உள்ளே ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டு, வாசலில் சுத்தியலோடு நின்று எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுல சேர என்ன தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம், எங்களைப் பாருங்க" என்றார் டிரைவர். புதிதாக வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்கவென்றே சங்கத்துக்குச் சொந்தமான மஞ்சள் யுகுலேலே ஒன்று இருந்தது. அது அக்காவிடம் போனது. ஒன்றரை வருடமாக ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதில்லை. டாக்டர் இந்தப் பாட்டை எழுதியதே அவர் சேர்ந்த பிறகுதான்.

நகர நூலகத்துக்குப் புதிதாக அரங்கம் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவில் வாசிக்க எங்களுக்கு அழைப்பு வந்தது. அதுவரை நாங்கள் மேடை ஏறியதே இல்லை. டாக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒத்திகையைக் கைபேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்த நாலு தட்டு வரும் வரை. அங்கே ஏதோ புளித்தது.

"யாரோ ஒருத்தர் இடிக்கிறீங்க" என்றார் டாக்டர். "வரிசை வரிசையா அந்த இடத்தை மட்டும் வாசிங்க."

முதல் வரிசை வாசித்தோம். கையைப் படுக்க வைத்து நாலு தட்டு தட்டினேன். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். "புளிப்பு இல்ல. அடுத்து." பின்வரிசைகளில் சிலர் சுதி சேர்த்துக்கொண்டிருந்த இரைச்சலிலும், ஆறு பேர் வாசித்து ஒலி இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. தப்பித்த சந்தோஷத்தில் அதை ஆராயவில்லை. இரண்டாவது வரிசையும் தேறிவிட்டது. மூன்றாவது வரிசை தொடங்கியதும் அந்தப் புளிப்பு கேட்டது. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அக்கா கையைத் தூக்கினார். "நான்தான் டாக்டர். மூணாவது விரல் இடிக்குது. எனக்கு விரல் கொஞ்சம் தடிப்பு. தினமும் பண்ணிப் பார்த்துட்டுதான் இருக்கேன்."

"பரவால்லம்மா, பரவால்ல" என்றார் டாக்டர். அவர் அப்படி இரண்டு முறை சொன்னால் பல்லைப் பிடுங்கப் போகிறார் என்று அர்த்தம்.

ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். சங்கத்துக்கு நான்தான் செயலாளர், அதாவது யாருக்கும் பிடிக்காத வேலைகளைச் செய்கிறவன். "அவங்க மேடைக்கு வரட்டும். அந்த நாலு தட்டு மட்டும் வாசிக்கிற மாதிரி சும்மா கையை அசைச்சா போதும். நீங்க பக்குவமா சொல்லிடுங்க சார்."

மறுநாள் மதியம் அக்காவின் கடைக்குப் போனேன். உறை உரித்த சோபா ஒன்று நடுவில் எலும்பும் ஸ்பிரிங்குமாகக் கிடந்தது. அக்கா அதன் முன் முழங்காலிட்டிருந்தார், வாயில் ஏழெட்டு ஆணிகள். இந்தத் தொழிலில் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்களாம். என்னைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பேசுவதற்கு அவருக்கு அத்தனை நேரம் ஆனது எனக்கு வசதியாக இருந்தது. ரெக்சின் சுருள்களுக்கு நடுவே சுவரில் மஞ்சள் யுகுலேலே தொங்கியது. பக்கத்தில் ஒரு துண்டுக் கறுப்பு ரெக்சினில், துணியில் குறி போடும் சாக்குக் கட்டியால் ஈ மேஜரின் படம் வரைந்திருந்தது. நான்காவது கட்டத்தில் மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

சுற்றி வளைத்துப் பேசினேன். அரங்கம் எவ்வளவு பெரிசு, எத்தனை பேர் வருவார்கள் என்று ஆரம்பித்து, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தேன்.

"வாசிக்கிற மாதிரி" என்று அக்கா திருப்பிச் சொன்னார்.

"ஆமா. நாலே நாலு தட்டு. யாருக்கும் தெரியாது."

அவர் உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அண்ணா, நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவுல இருந்தேன். எனக்குக் குரல் சேரலன்னு டீச்சர், 'நீ வரிசையில நில்லு, வாயை மட்டும் அசை'ன்னுட்டாங்க. வருஷம் பூரா அசைச்சேன். ஆண்டு விழாவுக்கு எங்கப்பா வேலையை விட்டுட்டு வந்து, நின்னுக்கிட்டே பார்த்தாரு. வீட்டுக்கு வந்ததும், 'அத்தனை பேர்லயும் உன் குரல் தனியா கேட்டுச்சு'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அவரு போற வரைக்கும் சொல்லல." கிண்ணத்திலிருந்து ஒரு ஆணியை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். "இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால முடியாதுண்ணா. மேடைக்கு நான் வரல. நீங்கல்லாம் நல்லா பண்ணுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். நானும் அதையேதான் செய்கிறேன், ஒரு வருடமாகச் செய்கிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம். நுனிநாக்கு வரை வந்தது. "எதுக்கும் யோசிச்சுப் பாருங்க" என்று மழுப்பிவிட்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

டாக்டரிடம், மேடைக்கு வரவில்லை என்று அக்காவே சொல்லிவிட்டார் என்றேன். "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் ஒத்திகைக்குப் பதிலாக, சட்டை என்ன நிறம் என்பதிலேயே நேரம் போனது. பாட்டு கைவந்துவிட்டது என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

விழா நாள். சாயங்காலம் நாலு மணி, அரங்கில் இருநூறு பேர். பதினெட்டுப் பேரும் நீலச் சட்டையில் மூன்று வரிசையாக நின்றோம். டாக்டர் முன்னால் நின்று, தானும் வாசித்துக்கொண்டே பாடினார். பல்லவியின் முதல் வரி போனது. இரண்டாவது வரி போனது. குரல் நின்றது. டாக்டர் அந்த இடத்தில் எப்போதும் செய்வதுபோல் வாத்தியத்திலிருந்து வலது கையை எடுத்து, 'ம், சத்தமாக' என்று எங்களைப் பார்த்து உயர்த்தினார். நான் வழக்கம்போல் கையைப் படுக்க வைத்தேன்.

சக். சக். சக். சக்.

அவ்வளவுதான். பதினெட்டு வாத்தியத்திலிருந்தும் ஒரு சுரம் கிளம்பவில்லை. பதினெட்டுப் பேரும் பிசகாமல் ஒரே நேரத்தில் மரத்தைத் தட்டின மாதிரி நாலு தட்டு. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் டிரைவரைப் பார்த்தேன். அவருடைய வலது கால் அசையாமல் நின்றுவிட்டது. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. உயர்த்திய கை உயர்த்தியபடியே இருந்தது. அந்த நாலு தட்டுக்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் அந்த இடத்தில் வாசித்தது ஒரே ஒரு ஆள். அவர் ஒருத்தர் மட்டும் வாசித்ததால்தான் அவருடைய புளிப்பு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவரைத்தான் நான் போய் வாசிக்கிற மாதிரி நடிக்கச் சொன்னேன்.

பாட்டு நின்றுவிடவில்லை. பல்லவி மூன்று முறை வரும், மூன்று முறையும் சக், சக், சக், சக். முடிந்ததும் கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். மேடைக்கு வந்து டாக்டரின் கையைக் குலுக்கிய சிறப்பு விருந்தினர், "அந்த இடத்துல சுரத்தை நிறுத்திட்டு தாளத்தை மட்டும் விட்டீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க" என்றார். டாக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு அடக்கமாகச் சிரித்தார்.

வீடு திரும்பும்போது பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள். "ஏங்க, ஊரே கைதட்டுது, நீங்க மட்டும் ஏன் பேயறஞ்ச மாதிரி நின்னீங்க?"

ஹெல்மெட்டுக்குள் காது கேட்காதவன்போல் வண்டியை ஓட்டினேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சட்டையைப் பற்றிப் பேசினோம், அரங்கத்தின் மின்விசிறிகளைப் பற்றிப் பேசினோம். டாக்டர் தொண்டையைச் செருமினார். "அந்த இடத்தை இனிமே அப்படியே வெச்சுக்குவோம். ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு." அறை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. எனக்கும்தான். ஈ மேஜர் ஒழிந்தது. எவனும் எவனையும் கேட்கப் போவதில்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு அக்கா உள்ளே வந்தார். கையில் நீல ரெக்சினில் புதிதாகத் தைத்த ஒரு உறை, உள்ளே மஞ்சள் யுகுலேலே. பல் நாற்காலிக்குப் போட்ட அதே ரெக்சின், மிச்சத் துண்டாக இருக்க வேண்டும். விளிம்பெல்லாம் இரட்டைத் தையல். பாட்டைக் கெடுக்க வேண்டாம் என்று வாசலருகிலேயே நின்றார். பல்லவி வந்தது. சக், சக், சக், சக். அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

பாட்டு முடிந்ததும், "வாத்தியத்தைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். "வேற யாராவது புதுசா வந்தா உதவும். உறை இல்லாம இருந்துச்சு, தைச்சுட்டேன்." பிறகு கேட்டார். "அந்த இடத்துல யாரும் வாசிக்கலையே?"

"அது ஒரு புது உத்திம்மா" என்றார் டாக்டர். "ஹால்ல பெரிய கைதட்டல்."

"கார்டையே எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சு."

அக்கா தலையை ஆட்டினார். "என்னாலதானே. நான் ஒருத்தி இடிச்சுட்டே இருந்ததால, நீங்க அவ்வளவு ஆசையா போட்ட மெட்டையே மாத்தும்படி ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க டாக்டர்."

பதினெட்டுப் பேரும் தந்திகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உறையைக் கொண்டுவந்து செயலாளரான என்னிடம்தான் நீட்டினார். அதை வாங்கிக்கொள்ள என் கை எழவில்லை.

"இல்லம்மா" என்றேன். "உத்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு அந்த கார்டு வராது. ஒரு நாளும் வந்ததில்ல. அந்த இடம் வந்தா தந்தி மேல கையை வெச்சுடுவேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"எனக்கும் வராது" என்றார் டிரைவர். "மத்தவங்க வாசிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர், "நானும் அதேதான்" என்றார். பின்னால் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எனக்கும், எனக்கும் என்றார்கள். கடைசியில் எல்லோரும் டாக்டரைப் பார்த்தோம். அவர் சுவரில் இருந்த கடைவாய்ப்பல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த இடத்துல நான் ஏன் கையைத் தூக்குறேன்னு நினைச்சீங்க?"

அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். "நீங்க கடைக்கு வந்து சொன்னப்போ இது தெரியும்ல?"

"மத்தவங்களோடது மேடையிலதான் தெரிஞ்சுது."

"உங்களோடது?"

"தெரியும்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் உறையைத் தன் பக்கம் இழுத்து, ஜிப்பைத் திறந்து, யுகுலேலேயை வெளியே எடுத்தார். மூன்றாவது வரிசைக்குப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சுதி சேர்த்தார். அந்த நேரம் வேறு யாரும் தந்தியைத் தொடவில்லை. அவருடைய கருவியில் எரிந்த பச்சை அவருடையதுதான்.

"முதல்லேர்ந்து" என்றார் டாக்டர்.

முதல் வரி போனது. இரண்டாவது வரி போனது. டாக்டரின் கை பழக்கத்தில் மேலே போய், பாதியில் இறங்கி, தந்திக்குத் திரும்பியது. நானும் மூன்று விரல்களை நான்காவது கட்டத்துக்குள் திணித்துப் பார்த்தேன். என்னிடமிருந்து தகரம் சுரண்டும் சத்தம் வந்தது, டிரைவரிடமிருந்து அதைவிட மோசமாக ஏதோ வந்தது. பின்னாலிருந்து ஈ மேஜர் நாலு தட்டு வந்தது. மூன்றாவது விரல் இன்னும் இடித்தது, கொஞ்சம் புளித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரிலும் அவருடையது தனியாகக் கேட்டது.